உப்பில் வெடித்த நினைவுத்தூண்: எங்கள் ஊரில் செய்த திருத்த வேலை

முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் போகிற வீதியில், கடலுக்கு மிகக் கிட்ட இருக்கிறது எங்கள் ஊர். சந்தியில் ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. ஒன்பது அடி உயரம், ஒன்றரை அடிச் சதுரம், நாலு பக்கமும் பெயர்கள். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள், சண்டையில் போனவர்கள், 2004 டிசம்பர் 26 அன்று அலை கொண்டுபோனவர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். அந்தத் தூணைத்தான் இந்த வருடம் திருத்தினோம். கரையோர ஊர்களில் இப்படி வெடித்த தூண்களுக்கு மேலால் சீமெந்து பூசி வெள்ளை அடித்துவிடுவதுதான் வழக்கம். இரண்டு மாரி தாண்டுவதற்குள் அதே இடம் திரும்ப வெடிக்கிறது. இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று நாங்கள் செய்ததை விபரமாக எழுதுகிறேன்.

தூண் கட்டியது 2003 இல். அதற்கு முந்தின வருடங்களில் வன்னிக்குள் சீமெந்தும் கம்பியும் வரவிடாமல் தடுத்து வைத்திருந்தார்கள். 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகுதான் சாதாரண சனம் ஒரு பை சீமெந்தைக் கண்ணால் கண்டது. வந்த சீமெந்தோடு, கரையில் அள்ளிய மணலையும் பக்கத்துக் கிணற்று உவர்த்தண்ணியையும் கலந்து ஊரவர்கள் தங்கள் கையால் கட்டிய தூண் இது. கையில் இருந்ததை வைத்து அவர்கள் கட்டியது 20 வருடத்துக்கு மேல் நின்றிருக்கிறது. அந்த மணலோடும் தண்ணியோடும் உள்ளே போன உப்புத்தான் பிறகு வேலையைக் காட்டியது.

காரணம் விளங்கினால்தான் வைத்தியம் விளங்கும். நல்ல கொங்கிறீட்டுக்குள் இருக்கிற கம்பி துருப்பிடிக்காது. சீமெந்தில் காரம் கூட. அதன் பிஎச் அளவு 12.5 க்கு மேல். அந்தக் காரம் கம்பியைச் சுற்றி மெல்லிய காப்புப்படலம் ஒன்றை உண்டாக்கி வைத்திருக்கும். உப்பில் உள்ள குளோரைட் அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். பிறகு ஈரமும் காற்றும் போய்ச் சேர்ந்தால் துரு பிடிக்கத் தொடங்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் பிடிக்கும். உள்ளே அதற்கு இடமில்லை. கொங்கிறீட்டை வெளியே தள்ளும். எங்கள் தூணின் நாலு மூலையிலும் மேலிருந்து கீழாக நேர்கோடாக வெடிப்பு ஓடியது அதனால்தான். உள்ளே கம்பி போன பாதையிலேயே வெடிப்பும் போனால், வெயிலிலும் மழையிலும் வந்த வெடிப்பு என்று விட்டுவிடக் கூடாது.

முதலில் செய்தது தட்டிப் பார்த்ததுதான். சின்னச் சுத்தியல் ஒன்றால் கீழிருந்து மேலாக, ஒரு கை அகலத்துக்கு ஒரு தட்டு. உறுதியான இடம் ‘ணங்’ என்று பதில் சொல்லும். உள்ளே விட்டுப்போன இடம் ‘டொக்’ என்று அடங்கிப் போகும். எங்களோடு வேலை செய்த மேசன் அண்ணை காதைத் தூணில் வைத்துக்கொண்டு தட்டச் சொல்வார். அவர் சொன்ன இடத்தில் நான் சோக்கட்டியால் கோடு போடுவேன். வெளியே ஒரு கீறலும் இல்லாத இடங்கள் பல ‘டொக்’ என்றன. கடலைப் பார்த்த கிழக்குப் பக்கமும், நிலத்திலிருந்து முழங்கால் உயரம் வரையான அடிப்பகுதியும் ஆக மோசம். அடியில் நிலத்து உவர் ஈரத்தோடு ஏறுகிறது. மேலே வாடைக்காற்று கடல் தூவானத்தைக் கொண்டுவந்து அப்புகிறது.

இங்கே ஒரு விடயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். வெடித்த இடத்தை மட்டும் கொத்தி எடுத்துப் புதுச்சாந்து வைத்தால், அந்த ஒட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கம்பி முன்னையைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். துருப்பிடித்துக்கொண்டிருந்த பகுதி தன் அழிவால் பக்கத்துக் கம்பியைக் காத்துக்கொண்டிருந்தது. அதைச் சுத்தம் பண்ணிப் புதுச்சாந்துக்குள் வைத்ததும் அந்தக் காவல் நின்றுபோகும். உப்பு மிச்சமாக இருக்கிற பக்கத்துப் பகுதி அடுத்ததாகத் தேயத் தொடங்கும். மேலால் பூசிய தூண்கள் ஒட்டைச் சுற்றி வெடிப்பது இதனால்தான். உப்பு ஏறிய கொங்கிறீட்டைக் கம்பியின் நீளம் முழுக்க எடுக்கவேண்டும், பாதி எடுத்துவிட்டுப் பாதி விட முடியாது.

கணக்குப் பார்த்தால் தூணை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது மலிவு. கடற்றொழிலாளர் சங்கத்தில் கூடிக் கதைத்தபோது அதையும் சொன்னேன். வயதான அம்மா ஒருவர் எழும்பி நின்றார். “அதில என்ர பிள்ளையின்ர பேர் கிடக்குது தம்பி. இன்னொருக்கா உடைக்கிறதைப் பாக்கேலாது.” அதற்குப் பிறகு இடிக்கிற கதையை ஒருவரும் எடுக்கவில்லை. இந்த மாவட்டத்தில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. போர் முடிந்த பிறகு மாவீரர் துயிலும் இல்லங்களின் கல்லறைகளை இயந்திரம் விட்டுக் கிளறினார்கள். பிள்ளையின் கல் எங்கே கிடந்தது என்று அடையாளம் தெரியாமல் நிற்கிற தாய்மார் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

ஆகவே நடுத்தண்டை நிற்கவிட்டு, நாலு மூலையையும் உச்சியிலிருந்து அடிவரை உரித்துத் திரும்பக் கட்டுவது என்று முடிவெடுத்தோம். பெயர்களைக் கொங்கிறீட்டிலிருந்து பிரித்துக் கல்லில் வெட்டித் தனியாகப் பொருத்துவது இரண்டாவது முடிவு. இந்த வேலை முழுவதிலும் எனக்கு ஆகப் பெரிதாகப் படுவது இதுதான். கொங்கிறீட் கரையோரத்தில் 40, 50 வருடம் நிற்கும். பிறகு எங்கள் பேரப்பிள்ளைகள் திரும்பக் கட்டவேண்டி வரும். அப்போது அவர்கள் ஆணியைக் கழற்றிக் கல்லை எடுத்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்கக் கூடியதாக இருக்கவேண்டும். பெயரைத் தூணின் தோலில் எழுதினால் தோல் உரிகிறபோது பெயரும் போகும்.

உளி வைக்கமுன் பெயர்களைப் பதிவெடுத்தோம். பழைய பெயர்கள், ஈரப்பூச்சில் ஆணியால் கீறி எழுதியவை. பல இடத்தில் எழுத்து மழுங்கி, பகல் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. இருட்டிய பிறகு டோர்ச் லைட்டைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் எல்லாக் கீறலிலும் நிழல் விழும். அப்படியே படம் எடுத்தோம். பிறகு மெல்லிய கடதாசியை மேலே ஒட்டி, கரிக்கட்டையைப் படுக்கவைத்துத் தேய்த்து ஒவ்வொரு வரியையும் பிரதி எடுத்தோம். மேற்குப் பக்கத்தில் ஒரு பெயரைச் சுற்றி மட்டும் சீமெந்து கறுத்து, எழுத்து கீறின அன்றுபோல் கூராக நின்றது. அந்தப் பெயருக்குக் கீழே இருந்த சின்ன மாடத்தில் வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைப்பவர்கள் எண்ணெய்க் கையால் பெயரைத் தொட்டுக் கும்பிட்டிருக்கிறார்கள். எண்ணெய் ஊறின இடத்துக்குள் உப்புத்தண்ணி போகவில்லை. அந்த ஒரு வரியில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

பழைய பெயர்ப்பூச்சை வீசவில்லை. கிரைண்டரால் ஓரத்தை அறுத்து, பின்பக்கம் தட்டை உளி ஓட்டிப் பலகை பலகையாகக் கழற்றினோம். அவற்றை நல்ல தண்ணித் தொட்டியில் ஊறவைத்து, தண்ணியை மாற்றி மாற்றி உப்பை இறக்கினோம். இப்போது சங்கக் கட்டடத்தில் மரச்சட்டத்துக்குள் இருக்கின்றன.

பெயர்களின் வரிசை பற்றிய கதைதான் நீண்டது. சண்டையில் போனவர்களை மேலே போடவேண்டும் என்றார்கள் சிலர். கடலில் போனவர்களுக்குத்தானே முதலில் கட்டியது என்றார்கள் வேறு சிலர். பதவிநிலை எழுதுவதா, இயக்கப்பெயர் எழுதுவதா, வீட்டுப்பெயரா, ஞானஸ்நானப் பெயரா என்று எல்லாம் வந்தது. நான் இரண்டு கல்லுகளைப் பற்றிச் சொன்னேன். ஒன்று ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட கற்சிலைமடுவில் வெள்ளைக்காரர் நட்டது. 1803 ஒக்டோபர் 31 அன்று வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த இடம் என்று அதில் ஆங்கிலத்தில் பொறித்திருந்தார்கள். வென்ற தளபதியின் பெயரும் தோற்ற மன்னனின் பெயரும் உண்டு. இரண்டு பக்கத்திலும் நின்று சண்டை பிடித்த ஒரு படைவீரனின் பெயரும் இல்லை. மற்றது திருகோணமலையில், நிலாவெளி வீதியில் இருக்கிற உலகப்போர் மயானம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலைத் தாட்டபோது 307 பேர் போனார்கள். இரண்டு உலகப்போர்களிலும் இறந்தவர்களின் மயானங்களைப் பார்க்கிற ஆணைக்குழு, முதலாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1917 இல் தொடங்கியது. பதவி, இனம், மதம் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே மாதிரி என்பது அதன் விதி. உடல் கிடைக்காத கடற்படையினரின் பெயர்களைப் பிரிட்டனின் துறைமுக ஊர்களில் தூண் கட்டிப் பொறித்து வைத்திருக்கிறார்கள். கல்லறை இல்லாதவனுக்குப் பெயர்தான் கல்லறை என்பதை அவர்களும் உணர்ந்திருக்கிறார்கள்.

கடைசியில் பதவியும் இல்லை, காரணமும் இல்லை என்று தீர்ந்தது. இறந்த வருடம், அதற்குக் கீழே பெயர், அவ்வளவுதான். ஒரே வருடத்துக்குள் அகர வரிசை. எந்தப் பெயர் என்பதை வீட்டார் சொல்லட்டும். பெயர்களை அச்சடித்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டிக் கையெழுத்து வாங்கினோம். ‘ன’வா ‘ண’வா, ‘ர’வா ‘ற’வா என்பதைத் தாயும் சகோதரமும் பார்த்துச் சொல்லாமல் கல்லுக்கு அனுப்பவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வைபரில் படம் அனுப்பிச் சரிபார்த்தோம்.

இனி வேலை. மாரி முழுதாக முடிந்து, தென்மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று தொடங்குமுன் செய்யவேண்டும். கச்சான் அடித்தால் புதுச்சாந்து ஒரு பின்னேரத்துக்குள் உலர்ந்து மயிர்வெடிப்பு விடும். நாங்கள் பங்குனியில் தொடங்கி, வைகாசியில் வருகிற வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன் முடித்தோம்.

ஒரே நேரத்தில் நாலு மூலையையும் திறக்கக் கூடாது. ஒரு மூலையை உரித்து, கட்டி, அது இறுகிய பிறகு எதிர்மூலை. கம்பிக்கு முன்னால் மட்டும் கொத்தினால் போதாது. கம்பிக்குப் பின்னால் 25 மில்லிமீற்றர் வரை எடுத்து, விரல் விட்டுச் சுற்றக் கூடியதாக இருக்கவேண்டும். துரு அதிகம் ஒளிந்திருப்பது பின்பக்கத்தில்தான். பிறகு கிரைண்டரில் கம்பி பிரஷ் பூட்டி இரும்பு வெளிறும் வரை தேய்த்து, நல்ல தண்ணியைப் பம்பில் அடித்துக் கழுவினோம்.

தேய்த்த பிறகு கம்பியின் கனத்தை வேணியர் அளவுகோலால் அளந்தோம். 12 மில்லிமீற்றர் முறுக்குக்கம்பி கிழக்கு மூலை அடியில் 9 ஆக நின்றது. பார்க்கிறவர்களுக்கு இது பெரிய தேய்வாகத் தெரியாது. ஆனால் கம்பியின் பலம் வெட்டுமுகப் பரப்பில் இருக்கிறது; 12 இலிருந்து 9 ஆனால் பரப்பில் 44 வீதம் போய்விட்டது. கால்வாசிக்கு மேல் போன இடமெல்லாம் புதுக்கம்பி வைத்து, உறுதியான பழைய கம்பியோடு இரண்டு அடி ஒன்றன்மேல் ஒன்றாக விட்டுக் கட்டினோம். 12 மில்லிமீற்றர் கம்பிக்கு 50 மடங்கு என்றால் 600 மில்லிமீற்றர். அதுதான் இரண்டு அடி. வளையக்கம்பிகள் கையில் எடுத்தபோதே உதிர்ந்தன. அவை எல்லாம் புதிது. முடிந்ததும் நாகம் (சிங்க்) கலந்த பிறைமர் இரண்டு தடவை.

மணல் கடலோரத்தது வேண்டாம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஆற்றுமணல் என்று சொல்லி ரிப்பரில் வருகிற மணல் எங்கே அள்ளியது என்று யாருக்கும் தெரியாது. நாக்கில் வைத்துப் பார்ப்பது காணாது. பள்ளிக்கூட விஞ்ஞான ஆசிரியை ஒருவர் வந்து உதவினார். ஒரு கைப்பிடி மணலை வடிநீரில் குலுக்கி, தெளிந்த நீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் இரண்டு சொட்டு விட்டார். குழாய் முழுக்கப் பாலாக வெளுத்தது. அவ்வளவு குளோரைட். மணலைத் தகரத்தில் பரப்பி, பவுசர் லொறியில் காசு கொடுத்து எடுத்த நல்ல தண்ணியால் அலசினோம். திரும்பப் பார்த்தபோது மெல்லிய புகைமூட்டம். இன்னும் அலசிய பிறகு ஏறக்குறையத் தெளிவாக நின்றது. எங்கள் கிணற்றுத் தண்ணிக்கும் அதே சோதனை செய்தார். குழாயைப் பார்த்த பிறகு, பவுசருக்கு ஏன் காசு கொடுக்கிறீர்கள் என்று கேட்டவர்கள் பிறகு கேட்கவில்லை. ஒரு பள்ளிக்கூட ஆய்வுகூடம் கிட்ட இருந்தால் எந்த ஊரிலும் இதைச் செய்யலாம்.

கலவை சீமெந்து, மணல், சல்லி 1:1½:3; சல்லி 10 மில்லிமீற்றருக்கு மேற்படாமல். இடம் ஒடுக்கம் என்பதால் பெரிய சல்லி கம்பிக்குப் பின்னால் போகாது. தண்ணி 50 கிலோப் பைக்கு 22 லீற்றருக்குள். மேசன்மாருக்கு இது இறுக்கமாக இருக்கும். தண்ணி விடச் சொல்லிக் கேட்பார்கள், விடக் கூடாது. கூடின தண்ணி உலரும்போது விட்டுப்போகிற நுண்துளை வழியாகத்தான் அடுத்த உப்பு உள்ளே வரும். பழைய முகத்தை முதல்நாள் நனைத்து, எஸ்.பி.ஆர். என்கிற செயற்கை ரப்பர்ப் பாலும் சீமெந்தும் குழைத்துப் பிரஷால் பூசி, அது ஒட்டுப்பதத்தில் இருக்கும்போதே பலகை அடைத்துக் கொட்டினோம். அந்தப் பால் காய்ந்துவிட்டால் ஒட்டுகிறதுக்குப் பதில் பிரிக்கும். அப்படியானால் சுரண்டிவிட்டுத் திரும்பப் பூசவேண்டும். கம்பிக்கு வெளியே 50 மில்லிமீற்றர் கனம் வரும்படி பலகை வைத்தோம். பழைய தூணில் அது 15 கூட இல்லை. அதனால் தூண் முன்னையைவிடக் கொஞ்சம் பருத்திருக்கிறது. கண்டுபிடித்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

பலகை கழற்றியதும் சாக்கு சுற்றி, மேலால் பொலித்தீன் கட்டி, நனைத்தபடி வைத்தோம். ஏழு நாள் குறைந்தது; நாங்கள் கூட வைத்தோம். காலையும் மாலையும் தண்ணி விட்டது பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

தூணின் அடிப்பீடத்தில் எறிகணைத் துண்டுகள் பட்ட காயங்கள் இருந்தன. அதை மூடுவதா விடுவதா என்று கேட்டபோது, கம்பி வரை போன காயங்களை மூடத்தான் வேண்டும் என்றேன். கம்பிக்கு எட்டாத ஒன்று தெற்குப் பக்கத்தில் இருக்கிறது. கையை விரித்து வைத்தால் மூடுகிற அளவு. அதைச் சுத்தம் பண்ணி, தண்ணி தேங்காமல் அடியில் சின்னச் சாய்வு வெட்டி, அப்படியே விட்டோம். அது இருக்கவேண்டும் என்பதில் ஊருக்குள் இரண்டு கதை வரவில்லை.

கல் வவுனியாவில் வெட்டியது. கறுப்புக் கிரனைட், கனம் 30 மில்லிமீற்றர், பக்கத்துக்கு ஒன்று. மணலைப் பீச்சி எழுத்தெடுப்பது மலிவு. ஆனால் அந்த எழுத்தின் அடி தட்டையாக, ஆழமில்லாமல் இருக்கும். அது நிறத்தை நம்பித்தான் தெரியும். நிறம் போனால் எழுத்தும் தெரியாது. நாங்கள் கேட்டது கூர்ப்பள்ளமாக வெட்டுகிற எழுத்து. ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல் என்று விழுவதால் நிறம் இல்லாமலே வாசிக்கலாம். கூலி கூட, நாளும் கூட. ‘ணு’, ‘ழு’ மாதிரிச் சுழிவு கூடிய எழுத்துகளில் நடுவில் நிற்கிற சின்னக் கல்மேடு தெறித்துவிடும் என்பதால், எழுத்தின் உயரத்தை ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் வைக்கச் சொன்னார் கல்வெட்டுகிறவர். புள்ளிகளைத் துரப்பணத்தால் போடாமல் உளியால் போட்டார். வருடங்களுக்குக் கீழே கொஞ்சம் இடமும் விடச் சொன்னோம். கடலுக்குப் போகிற ஊர் இது.

பொருத்துகிற ஆணி 316 ரகத் துருப்பிடியா உருக்கு. கடையில் ‘ஸ்ரெயின்லெஸ்’ என்று தருவது பெரும்பாலும் 304; கடற்காற்றில் அதுவும் பொட்டுப்பொட்டாக அரிக்கும். 316 இல் மொலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பைத் தாங்கும். சாதாரண இரும்பு ஆணி என்றால் கல்லையே வெடிக்க வைத்துவிடும். கல்லுக்கும் தூணுக்கும் இடையில் 15 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, அடியைத் திறந்தே வைத்தோம். பின்னால் போகிற மழைத்தண்ணி இறங்கிவிடும். குளவி கூடு கட்டாமல் இருக்க அந்தத் திறப்பில் பழைய நைலோன் வலைத்துண்டு ஒன்றை மடித்துச் செருகியது வலைகாரத் தம்பி ஒருவரின் யோசனை.

விளக்கு வைக்கிற மாடத்தைத் தூணிலிருந்து பிரித்து, முன்னால் கருங்கல் திண்ணையாகப் போட்டிருக்கிறோம். நடுவில் மணல் நிரப்பிய பள்ளம். கார்த்திகையில் விளக்கு, ஆத்துமாக்கள் திருநாளில் மெழுகுதிரி, டிசம்பர் 26 க்கு இரண்டும். மெழுகும் எண்ணெயும் மணலில் விழும், மணலை மாற்றலாம். தூணுக்குச் சுண்ணாம்பு மட்டும் அடித்தோம். எனாமல் அடித்தால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வரவழியில்லாமல் கொப்பளிக்கும்.

பெயர்ப்பட்டியலும் கரிப்பிரதிகளும் கல்வெட்டுக்கு வரைந்த அளவுப்படமும் மூன்று பிரதியாகக் கோயிலிலும் தேவாலயத்திலும் சங்கத்திலும் இருக்கின்றன. 316 ஆணியின் அளவும் கழற்றுகிற முறையும் அதிலேயே எழுதியிருக்கிறது. ஒவ்வொரு மாரியும் முடிந்த பிறகு, தை கடைசியில், தூணை அடியிலிருந்து தட்டிப் பார்ப்பதற்குச் சங்கத்தில் இரண்டு பேர் பொறுப்பெடுத்திருக்கிறார்கள். எந்த இடத்தில் எப்படிச் சத்தம் வரவேண்டும் என்று மேசன் அண்ணை அவர்களுக்குத் தட்டிக் காட்டிவிட்டுத்தான் போனார். ‘டொக்’ என்று கேட்டால் சோக்கட்டியால் வட்டம் போட்டு, திகதி எழுதி, படம் எடுத்து எனக்கு அனுப்பவேண்டும். யாரும் மேலால் சாந்து பூசக் கூடாது.